ஆவடி டாங்கும் அம்பத்தூர் மொட்டை மாடியும்

பங்குனி வெயில் உறைக்கத் தொடங்கியதும் அம்பத்தூர், ஆவடி பக்கத்து மொட்டை மாடிகளுக்குச் சுண்ணாம்பு வாளிகள் ஏறும். சிலர் ஃபெவிகாலும் கலப்பார்கள். இல்லையென்றால் நடப்பவர் காலோடு பாதி வந்துவிடும்.

பழக்கம் பழையது. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்புக்குப் பேர்போன ஊர் மெட்ராஸ். தேக்கு உத்தரங்கள்மேல் மெல்லிய செங்கற்களைக் குத்தாக அடுக்கி, செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கொட்டி இடித்த ‘மெட்ராஸ் டெரஸ்’ வெயிலை மெதுவாகத்தான் உள்ளே விட்டது. 1964இல் அம்பத்தூர் தொழிற்பேட்டை வந்தது. ஆஸ்பெஸ்டாஸ் ஷெட்டுகளுக்கு அந்தக் கனம் ஏது?

பூசிய சுண்ணாம்பு கரியமில வாயுவை உறிஞ்சி கால்சியம் கார்பனேட்டாக இறுகும். 2020இல் அமெரிக்காவின் பர்டூ பல்கலைக்கழகத்தில் சியுலின் ருவான் குழு, வெயிலில் 95.5 சதவீதத்தைத் திருப்பியனுப்பும் பெயின்ட் செய்தது. அதிலும் அதே கால்சியம் கார்பனேட்தான்! பல அளவு நுண்துகள்களை நெருக்கமாகக் கலந்ததில்தான் புதுமை. அதற்கு முன்பே, 2014இல், ஸ்டான்ஃபோர்டின் ஆஸ்வத் ராமனும் ஷான்ஹுயி ஃபானும் வெள்ளிமேல் ஏழு நானோ படலங்கள் அடுக்கி, நேரடி வெயிலிலேயே சுற்றுக்காற்றைவிட ஏறக்குறைய 5 டிகிரி குளிர்ந்த பரப்பைக் காட்டினார்கள். 8 முதல் 13 மைக்ரான் அலைநீளத்தில் காற்றுமண்டலம் கிட்டத்தட்ட திறந்த ஜன்னல். வெப்பம் அதன் வழியே விண்வெளிக்குப் போய்விடுகிறது.

ஈரக்காற்று அந்த ஜன்னலைப் பாதி சாத்திவிடும். ஒரு காலத்தில் வடஇந்தியாவின் வறண்ட குளிர்கால இரவுகளில், அந்த ஜன்னல் திறந்திருந்ததால், மண்தட்டுகளில் ஐஸ் உறைந்தது. மெட்ராஸுக்கோ பாஸ்டனிலிருந்து கப்பலில் வந்தது. அதை வைக்க 1842இல் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்றைய விவேகானந்தர் இல்லம். ஆக, இந்த ஊரில் பாலைவன அளவுக்குக் குளிர்ச்சியை எதிர்பார்க்க முடியாது. ஆனால் வெயிலைத் திருப்பும் வேலை, ஈரக்காற்றிலும் நடக்கும்.

ஆவடியின் கவலை வேறு. 1961இல் தொடங்கிய கனரக வாகனத் தொழிற்சாலையிலிருந்து 1965இல் முதல் விஜயந்தா டாங்க் வெளிவந்தது. பக்கத்து ராணுவ வாகன ஆராய்ச்சி நிறுவனமான சி.வி.ஆர்.டி.இ.யில் உருவான அர்ஜுன் டாங்குக்கு 1,400 குதிரைத்திறன் எஞ்சின். இரவில் எதிரியின் வெப்பக் கேமரா பார்ப்பதும் ஏறக்குறைய அதே ஜன்னல் வழியாகத்தான். மாடி வெளியே தள்ள விரும்பும் வெப்பத்தை டாங்க் ஒளிக்க வேண்டும். முழுக்க ஒளித்தாலோ டாங்கின் உடல் கொதித்துப்போகும்.

இதற்கும் நானோ அடுக்குகளிலேயே வழி தேடுகிறார்கள். ஜெர்மானியமும் துத்தநாக சல்ஃபைடும் மாறிமாறி வைத்த படலங்கள், கேமரா பார்க்கும் அலைநீளங்களில் அடங்கிக் கிடந்து, காற்றே விழுங்கிவிடும் 5 முதல் 8 மைக்ரானில் வெப்பத்தைக் கொட்டுகின்றன.