வெப்பச்சுமைக் கணக்கு: கட்டட அனுமதிக்கான ஆவணம்

ஒரு கட்டடத்துக்குள் வேண்டிய வெப்பநிலையும் ஈரப்பதமும் நிலைக்க, எவ்வளவு வெப்பத்தை வெளியேற்ற வேண்டும் அல்லது உள்ளே சேர்க்க வேண்டும் என்று கூரை, சுவர், சன்னல், ஆட்கள், விளக்கு என ஒவ்வொன்றாகக் கூட்டிக் காண்பது வெப்பச்சுமைக் கணக்கு. வெளியேற்றுவது குளிர்விப்புச் சுமை. சேர்ப்பது வெப்பமூட்டல் சுமை. ஏ.சி. பொருத்துவோர் ‘ஹீட் லோடு’ என்பர். உதகை, கொடைக்கானல் போன்ற மலையூர்கள் நீங்கலாகத் தமிழ்நாட்டில் வெப்பமூட்டல் சுமைக்கு வேலையில்லை. எனவே இங்கே பேசப்படுவது பெரிதும் குளிர்விப்புச் சுமையே. எடுத்துக்காட்டுகள் பீங்கானுக்குப் பேர்போன விருத்தாசலம் வட்டாரத்து மங்களூரை ஒட்டியவை. இது கடலூர் மாவட்டத்தின் ஊராட்சி ஒன்றியம். ஓட்டுக்குப் பெயர் பெற்ற கர்நாடக மங்களூர் வேறு.

அலகும் வரலாறும்

குளிர்விப்புச் சுமை இன்றும் ‘டன்’ கணக்கில் சொல்லப்படுகிறது. இது இயந்திரத்தின் எடையன்று. 2,000 பவுண்டு பனிக்கட்டி 24 மணி நேரத்தில் உருகும்போது சுற்றிலுமிருந்து உறிஞ்சும் வெப்பமே ஒரு டன். ஒரு பவுண்டு பனிக்கட்டி உருக 144 பி.டி.யு. (பிரிட்டிஷ் வெப்ப அலகு) வேண்டும், பெருக்கி 24-ஆல் வகுத்தால் மணிக்கு 12,000 பி.டி.யு., அதாவது 3.517 கிலோவாட். குளிர்ச்சியைப் பனிக்கட்டியால் அளந்த காலத்தின் எச்சம் இது. அந்தக் காலத்தைச் சென்னை நேரில் கண்டிருக்கிறது. பாஸ்டன் வணிகர் பிரெடரிக் டியூடரின் நிறுவனம் அமெரிக்க ஏரிகளில் வெட்டிய பனிக்கட்டியைக் கப்பலில் கொண்டுவந்து சேமிக்க, 1842-இல் சென்னைக் கடற்கரையில் கட்டிய ஐஸ் ஹவுஸ் இன்றும் நிற்கிறது. 1897-இல் விவேகானந்தர் தங்கியதால் அவர் பெயரால் அறியப்படும் அதே இல்லம்தான். நீராவி இயந்திரத்தால் பனிக்கட்டி செய்யும் ஆலைகள் வந்ததும் இறக்குமதி நலிந்தது. அளவு மட்டும் தங்கிவிட்டது.

கணக்குமுறைக்கு வில்லிஸ் கேரியரையே தொடக்கமாகக் கொள்வது தகும். 1902-இல் நியூயார்க் புரூக்ளினில் ஓர் அச்சகத்தில், ஈரக்காற்றால் தாள் விரிந்து வண்ணங்கள் ஒன்றன்மேல் ஒன்று பொருந்தாமல் போயின. அதைத் தீர்க்க வந்தவர், காற்றின் வெப்பத்தோடு அதிலுள்ள நீராவியையும் சேர்த்துக் கணக்கிட்டார். 1911-இல் அதைச் சூத்திரங்களாக வெளியிட்டார். வறண்ட வெப்பம், நீராவியில் மறைந்த வெப்பம் என்ற இரட்டைக் கணக்கு அதிலிருந்து வளர்ந்தது. அலுவலகத்தில் மிதமான இயக்கத்தோடு வேலை செய்யும் ஒருவர் சுமார் 75 வாட் வறண்ட வெப்பமும் 55 வாட் மறைவெப்பமும் வெளியிடுகிறார் என்பது இன்றைய கையேட்டு அளவு. அமெரிக்காவில் 1894-இல் வெப்பமூட்டுவோருக்கும் 1904-இல் குளிரூட்டுவோருக்கும் தனித்தனியே தோன்றிய பொறியாளர் சங்கங்கள் 1959-இல் ஒன்றாகி, ஆஷ்ரே ஆயின. அதன் கையேடே இத்துறைக்கு மூலநூல். இந்தியச் சங்கமான இஷ்ரே 1981-இல் தொடங்கியது.

அனுமதியோடு சேர்ந்தது

சிங்கப்பூர், 1979-இலேயே குளிரூட்டிய கட்டடத்தின் சுவர், சன்னல் வழி வெப்பம் சதுர மீட்டருக்கு 45 வாட்டைத் தாண்டலாகாது என விதித்தது. அமெரிக்காவின் பல பகுதிகளில் தனி வீட்டுக்கே ‘மேனுவல் ஜே’ முறைக் கணக்கை அனுமதி விண்ணப்பத்துடன் தர வேண்டும். இந்தியாவில் 2001-இன் எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின்கீழ் 2007-இல் ஈ.சி.பி.சி. என்னும் எரிசக்திச் சேமிப்புக் கட்டட விதித்தொகுப்பு வந்தது, 2017-இல் திருத்தப்பட்டது. 100 கிலோவாட் இணைப்புச் சுமையோ 120 கே.வி.ஏ. ஒப்பந்தச் சுமையோ உள்ள வணிகக் கட்டடங்களை அது குறிவைக்கிறது. ஒன்றரை டன் ஏ.சி. குறைந்தது அறுபது ஓடும் கட்டடம் என்று கொள்ளலாம். வீடுகளுக்கான ‘எக்கோ நிவாஸ் சம்ஹிதா’ 2018 டிசம்பரில் வெளிவந்தது. 500 சதுர மீட்டர், அதாவது ஏறத்தாழ 12 சென்ட் மனைக்கு மேற்பட்டவற்றுக்கு அந்த 2018 வடிவம் பொருந்தும். கூரை நீங்கலான வெளியுறை வழி வெப்பத்துக்கு அதன் உச்சவரம்பு சதுர மீட்டருக்கு 15 வாட். கூரையின் வெப்பக்கடத்தல் எண் (ஒரு பாகை வேறுபாட்டுக்கு ஒரு சதுர மீட்டர் வழி கடக்கும் வாட்) 1.2-க்கு மேல் போகலாகாது.

ஆவணத்தில் இருப்பவை

வடதிசை குறித்த வரைபடம், சுவர், கூரை, கண்ணாடி ஒவ்வொன்றின் வெப்பக்கடத்தல் எண், ஆள் எண்ணிக்கை, விளக்கின் வாட், வெளிக்காற்றின் அளவு, வெளி, உள் வடிவமைப்பு வெப்பநிலைகள், தேர்ந்த இயந்திரத்தின் திறன் ஆகியவை வேண்டும். பொறியாளர் கையொப்பமிட வேண்டும். ஒவ்வொரு பரப்பையும் அதன் கடத்தல் எண்ணாலும் வெப்பநிலை வேறுபாட்டாலும் பெருக்குவதே அடிப்படை.

மங்களூரில் பத்துக்குப் பன்னிரண்டடி மாடி அறை ஒன்றை எடுப்போம். கூரை சுமார் 11 சதுர மீட்டர். வெறும் கான்கிரீட்டின் எண் 3.5 என்றும், வெயிலேறிய தளத்துக்கும் அறைக்கும் 25 பாகை வேறுபாடு என்றும் கொண்டால் உள்ளே இறங்குவது சுமார் 960 வாட். கால் டன்னுக்கும் மேல். எண்ணை 1.2 ஆக்கினால் 330 வாட். செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் கலந்து இட்டு மேலே தட்டோடு பாவிய பழைய மெட்ராஸ் டெரஸ், எண் எதுவும் எழுதாமலே இந்த வேலையில் ஒரு பங்கைச் செய்தது. வெள்ளைப் பீங்கான் ஓட்டுச் சில்லுகளைப் பதித்த மொட்டைமாடி வெயிலைத் திருப்பியனுப்பும். பீங்கான் வட்டாரத்தில் இது இன்னும் பரவலாக வேண்டிய முறை.

நூறு சதுர அடிக்கு ஒரு டன் என்னும் கடைவீதிக் கணக்கு தவறு. தேவைக்குப் பெரிய இயந்திரம் அறையைச் சட்டென்று குளிர்வித்து நின்றுவிடும். ஈரம் இறங்காது, புழுக்கம் போகாது.

தற்போதைய நிலை

எரிசக்திச் சேமிப்புச் சட்டத்தின் 2022 திருத்தம் பெரிய குடியிருப்புகளையும் விதித்தொகுப்பின் கீழ்க் கொண்டுவந்தது. தமிழ்நாட்டில் 2,500 சதுர அடி வரையிலான மனையில் 3,500 சதுர அடி வரை கட்டும் வீடுகளுக்கு 2024 ஜூலை முதல் சுயசான்று அனுமதி உண்டு. வெப்பச்சுமைக் கணக்கு இத்தகைய சிறு வீடுகளுக்குக் கட்டாயமில்லை.