கைவினையும் நினைவும்: ‘தேநீர் டிராகன் சங்கம்’ பற்றிய ஒரு நோக்கு

நியூசிலாந்து ஓவியர் கே ஓ’நீலின் ‘தேநீர் டிராகன் சங்கம்’ இணையத்தில் தொடராகத் தோன்றி, 2017 இல் அமெரிக்காவின் ஓனி பிரஸ் வெளியீடாக நூலுருப் பெற்றது. 2018 இல் சிறந்த இணையச் சித்திரக்கதைக்கும் சிறுவர்க்கான சிறந்த வெளியீட்டுக்கும் உரிய ஐஸ்னர் விருதுகள் இரண்டையும் இதுவே ஈட்டியது. 2019 இலும் 2021 இலும் மேலும் இரு நூல்கள் தொடர்ந்தன.

போரோ பகைவரோ இக்கதையை நகர்த்துவதில்லை. கொல்லுத்தொழில் பயிலும் கிரெட்டா என்னும் சிறுமி, வழிதவறிய சிறு டிராகனொன்றைக் காப்பாற்றி, வளர்ப்போரிடம் சேர்க்கிறாள். டிராகன்களின் கொம்புகளில் தளிர்க்கும் இலைகளால் ஆகும் தேநீர், அவற்றை வளர்த்தோரின் நினைவுகளைப் பருகுவோர்க்குக் காட்டும். நெடுங்காலப் பராமரிப்பை வேண்டுவதால் அக்கலை அருகிவருகின்றது.

இதனை வெறும் பழமை ஏக்கமென ஒதுக்குதல் எளிது. ஆயின், நாம் அறிந்த தேயிலை பெருந்தோட்டப் பண்டமாகும். இலங்கையில் 1867 இல் அதன் வணிகப் பயிர்ச்செய்கை தொடங்கிய காலந்தொட்டு, கொழுந்து பறித்த கைகளின் நினைவு எதுவும் கோப்பையை அடைந்ததில்லை. உழைப்பவரையும் உழைப்பின் பயனையும் பிரிப்பது சந்தை. கதையோ அவ்விரண்டையும் மீண்டும் இணைத்துக் கற்பனை செய்கின்றது.

அக்கலைஞர் எவ்வாறு பிழைப்பர் என்ற பொருளியல் வினாவை இப்படைப்பு ஆழமாக ஆராயவில்லை என்பது அதன் வரையறையே. எனினும், உழைப்பு விலையால் மட்டும் அளக்கத்தக்கதன்று என்பதைச் சிறுவர்க்கு உணர்த்துவதில் அதன் முற்போக்குப் பண்பை நாம் காண்கிறோம்.