வைரமலையும் சிறு பறவையும்

'ஹெவன் சென்ட்' என்ற பகுதி பி.பி.சி.யின் 'டாக்டர் ஹூ' தொடரில் 2015 நவம்பர் 28 அன்று ஒளிபரப்பானது. எழுதியவர் ஸ்டீவன் மொஃபாட், இயக்கியவர் ரேச்சல் டலாலே, இசை மர்ரே கோல்ட். முந்தைய வாரப் பகுதியில் தோழி கிளாரா இறந்துவிட்டதால் தொடரின் நாயகரான டாக்டர் இதில் தனியாக நிற்கிறார். ஏறத்தாழ 55 நிமிடக் கதையை டாக்டராக நடித்த பீட்டர் கபால்டி ஒருவரே சுமக்கிறார்.

கோட்டை

கடல் சூழ்ந்த கோட்டையில் முக்காடிட்ட உருவம் ஒன்று டாக்டரைத் துரத்துகிறது. அது மெல்லத்தான் நடக்கும், ஆனால் நிற்காது. அவர் சிறுவயதில் கண்ட, துணி போர்த்தி ஈ மொய்த்த மூதாட்டியின் சடலமே அந்த உருவத்துக்கு மூலம். அவர் ஓர் உண்மையை ஒப்புக்கொண்டால் மட்டும் அது சற்றே நிற்கும். கோட்டையின் சுவர்கள் இடம்மாறி வழிவிடும்.

கடலில் நனைந்து வரும் டாக்டர், கணப்பருகே உலர்ந்து தொங்கும் தம் உடை போன்ற உடையை எடுத்து அணிந்து, ஈர உடையை அங்கேயே விட்டுச் செல்கிறார். அந்த உலர்ந்த உடையை விட்டுப் போனவரும் அவரே எனப் பின்னரே தெரிகிறது. கடலடியில் குவிந்த மண்டையோடுகளும் அவருடையவை.

12ஆம் அறையில் 20 அடிக் கனமுள்ள சுவர். அது வைரத்தைவிட 400 மடங்கு கடினம். அதைக் கையால் குத்துகிறார். உருவம் தொட்டுச் சாகும் நிலையில் ஊர்ந்து மேலே போய், தம் உடலையே எரிபொருளாக்கிப் புதிய டாக்டரைப் பிறப்பிக்கிறார். புதியவருக்குப் பழையது எதுவும் நினைவில் இராது. சுவர்முன் நின்றதும் எல்லாம் திரும்பும். மனக்கண்ணில் கிளாரா கரும்பலகையில் கேள்வி எழுதுகிறாள். தாம் மறைத்துவைத்த உண்மையைச் சொல்லிவிட்டால் விடுதலை கிடைக்கும். ஆயினும் ஒவ்வொரு முறையும் அவர் மீண்டும் கை ஓங்குகிறார். இப்படிக் கழிந்த காலத்தை அடுத்த பகுதி 450 கோடி ஆண்டு என்கிறது.

மூலக்கதை

சுவரைக் குத்தும்போது டாக்டர் சொல்லும் கதையின் மூலம் கிரிம் சகோதரர்களின் தொகுப்பில் 152ஆம் கதையான 'இடையச் சிறுவன்'. அரசன் மூன்று கேள்வி கேட்கிறான்: கடலில் எத்தனை துளி? வானில் எத்தனை விண்மீன்? நித்தியத்தில் எத்தனை நொடி? மூன்றாவதற்குச் சிறுவன் வைரமலையைக் காட்டுகிறான். நூறாண்டுக்கு ஒருமுறை ஒரு பறவை வந்து அதில் அலகைத் தீட்டும். மலை முழுதும் தேய்ந்தபின் நித்தியத்தின் முதல் நொடி கழியும்.

மொஃபாட் எடுத்தாண்டது பறவையை மட்டும் என்று எண்ணுவது குறையான வாசிப்பு. கோட்டையைச் சூழ்ந்திருப்பது கடல். காலம் கடந்ததை டாக்டர் அறிவது இடம்பெயர்ந்த விண்மீன்களால். முடிவில் மலைபோன்ற சுவர். மூன்று கேள்விகளும் மூன்று காட்சிகளாக நிற்கின்றன.

இதையொத்த உவமை பௌத்த சங்யுத்த நிகாயத்திலும் உண்டு. ஒரு யோசனை நீளமும் அகலமும் உயரமும் உள்ள கற்பாறையை நூறாண்டுக்கு ஒருமுறை காசித் துகிலால் தடவினால், பாறை தேய்ந்து தீர்ந்தும் கற்பம் எனும் ஒரு பேரூழி முடியாது என்கிறார் புத்தர். எல்லையற்ற பிறவிச் சுழலில் பற்றை விடுக என்பது அங்கே போதனை. மலையின் பெருமையையே இவ்விரு உவமைகளும் பேசுகின்றன. டாக்டரோ கதையைச் சொல்லி முடிக்கையில் பறவையை வியக்கிறார். இப்பகுதியின் புதுமை அந்த ஓர் இடமாற்றத்தில் இருக்கிறது.

பயன்

டாக்டரின் சுவரைப் போலவே துயரமும் ஒரே நாளில் கடக்கக்கூடியதன்று. நாள்தோறும் ஒரு குத்து விழவேண்டும். இளையோருக்கு இப்பகுதியைக் காட்டும் பெரியோர், முதலில் இடையச் சிறுவனின் கதையைச் சொல்லிவிட்டுக் காட்டுக.