ஆலை நிலம் மனையாகும்போது: அட்வான்ஸ் கொடுக்கும் முன் பார்க்க வேண்டியவை

2010 இறுதியில் மதுரை–போடிநாயக்கனூர் மீட்டர் கேஜ் ரயில் நின்றது. பன்னிரண்டு ஆண்டுகளுக்கு மேல் காத்திருந்த பின், 2023 ஜூன் 15 அன்று அகலப் பாதையில் ரயில் மீண்டும் போடிக்கு வந்தது. ரயில் வந்த ஊரில் மனைப் பேச்சும் கூடவே வரும். ஓடி நின்றுபோன ஜின்னிங் ஆலை, பஞ்சாலை, பூட்டிக் கிடக்கும் ஏலக்காய் குடோன் போன்றவை ஊரை ஒட்டியே இருக்கும். அதனால் மனை போடுபவர்களின் கண் முதலில் அவற்றின் மேல்தான் விழும்.

வளைகுடாவில் பல வருடம் உழைத்த பணம், வீட்டுப் பெண்களின் நகை, அத்தா விட்டுச்சென்ற பங்கு எல்லாம் சேர்ந்துதான் நம் குடும்பங்களில் ஒரு மனை வாங்கப்படுகிறது. ஆனால் "முனிசிபாலிட்டி அப்ரூவல் இருக்கு" என்ற ஒரு வார்த்தையை நம்பி அட்வான்ஸ் கொடுத்துவிடுகிறோம். ஆலை நிலத்தைப் பொறுத்தவரை அந்த வார்த்தைக்குள் மூன்று தனித்தனி அனுமதிகள் இருக்கின்றன. முதலாவது இல்லாவிட்டால் மற்ற இரண்டும் நிற்காது.

முதல் அனுமதி: நிலப் பயன்பாடு மாற்றம்

தமிழ்நாடு நகர் ஊரமைப்புச் சட்டம் 1971-ஆம் ஆண்டைச் சேர்ந்தது. மாஸ்டர் பிளான் உள்ள ஊர்களில், எந்த சர்வே எண் குடியிருப்பு, எது வணிகம், எது தொழிற்சாலை, எது விவசாயம் என்று வரைபடத்திலேயே குறிக்கப்பட்டிருக்கும். தொழிற்சாலை என்று குறிக்கப்பட்ட இடத்தில் வீட்டுமனை போட, முதலில் அந்தக் குறிப்பை மாற்ற விண்ணப்பிக்க வேண்டும். நகராட்சி மட்டும் தீர்மானம் போட்டு இதை முடித்துவிட முடியாது. நகர் ஊரமைப்புத் துறை வழியாகத்தான் இந்த மாற்றம் நடக்கும்.

இந்தக் கட்டத்தில் நாளிதழில் அறிவிப்பு வெளியிட்டுப் பொதுமக்களின் ஆட்சேபம் கேட்கப்படும். சிறிய எழுத்தில் வரும் அந்த அறிவிப்பை நாம் பெரும்பாலும் புரட்டிவிட்டுப் போகிறோம். தெருக்காரர்கள் பேசவேண்டிய நேரம் அதுதான். பக்கத்தில் இன்னொரு ஆலை இன்னும் ஓடுகிறதா? பஞ்சுத் தூசியும் இரவுச் சத்தமும் வருங்காலக் குடியிருப்பைப் பாதிக்குமா? கழிவுநீர் எங்கே போகும்? ஏலக்காய் தரம் பிரித்துப் பிழைக்கும் பெண்களுக்கு வேலை தரும் கூடம் அந்த வளாகத்தில் இருந்தால், அதற்கு மாற்று இடம் உண்டா? இவற்றை எழுத்தில் கொடுத்தால் பதிவாகும். டீக்கடையில் பேசினால் பதிவாகாது.

இரண்டாவது: மனைப் பிரிவு அங்கீகாரம்

நகர் ஊரமைப்புத் துறை, அதாவது டிடிசிபி, தொழில்நுட்ப ஒப்புதல் தரும். பிறகு சாலைகளையும் பொது இடத்தையும் தானப்பத்திரம் மூலம் உள்ளாட்சியிடம் ஒப்படைக்க வேண்டும். அதற்குப் பின்தான் நகராட்சி இறுதி அங்கீகாரம் வழங்கும். 3,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப் பிரிவில், சாலை போக மீதி நிலத்தில் 10 சதவீதம் பொதுத் திறந்தவெளிக்கு உரியது. 10,000 சதுர மீட்டர் வரை அதற்கு ஈடாகப் பணம் கட்ட வழி உண்டு. அதற்கு மேல் நிலமாகவே தரவேண்டும். "பூங்கா" என்று வரைபடத்தில் போட்ட இடத்தையே பின்னால் மனையாக விற்கும் மோசடி இந்த இடத்தில்தான் நடக்கிறது.

அங்கீகாரமற்ற மனைகளைப் பதிவு செய்ய 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. பின்னர் வந்த வரன்முறைத் திட்டம் 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைப் பிரிவுகளுக்கே பொருந்தும். இன்று புதிதாகப் போட்ட மனையை "ரெகுலரைஸ் பண்ணிக்கலாம்" என்று ஒருவர் சொன்னால் நம்ப வேண்டாம்.

500 சதுர மீட்டருக்கு, அதாவது சுமார் 12 சென்ட்டுக்கு மேற்பட்ட மனைத் திட்டமும், எட்டுக்கு மேற்பட்ட வீடுகள் கொண்ட அடுக்குமாடியும் ரெரா பதிவு பெற்றிருக்க வேண்டும். எண்ணைக் கேட்டு வாங்கி இணையத்தில் நீங்களே சரிபாருங்கள்.

மூன்றாவது: கட்டட அனுமதி

2024 ஜூலை முதல், 2,500 சதுர அடிக்குள் உள்ள மனையில் 3,500 சதுர அடி வரை வீடு கட்ட, சுயசான்று முறையில் உடனடி அனுமதி கிடைக்கிறது. நல்ல வசதிதான். ஆனால் அதில் உறுதிமொழி கொடுப்பவர் நாம். நிலம் இன்னும் "தொழிற்சாலை" என்றே இருந்தால், பொறுப்பும் நம் தலையில்தான் விழும்.

மண்ணுக்குள் என்ன இருக்கிறது?

ஆலை மூடினாலும் அதன் கழிவு மண்ணில் இருக்கும். நம் மாவட்டத்தை ஒட்டிய கொடைக்கானலில், 1983-ல் தொடங்கி 2001-ல் மூடப்பட்ட தெர்மாமீட்டர் தொழிற்சாலையின் பாதரசம் படிந்த மண்ணை எந்த அளவுக்குச் சுத்தம் செய்வது என்ற வாதம் பல ஆண்டுகள் நீண்டது. பஞ்சாலை அவ்வளவு ஆபத்தானதல்ல. ஆனால் சாயப்பட்டறை, பேட்டரி, ரசாயனக் கிடங்கு, எண்ணெய்த் தொட்டி இருந்த இடம் என்றால், மண்ணையும் கிணற்று நீரையும் பரிசோதித்த அறிக்கையைக் கேளுங்கள்.

கடனும் வக்ஃபும்

மூடிய ஆலையின் மேல் வங்கி அடமானம், தொழிலாளர்களின் சம்பள நிலுவை, வருங்கால வைப்பு நிதி பாக்கி, நீதிமன்ற ஜப்தி இருக்கலாம். 30 ஆண்டு வில்லங்கச் சான்று எடுத்தாலும் எல்லாம் அதில் தெரியாது. வழக்கறிஞர் ஒருவரிடம் மூலப்பத்திரத்தைக் காட்டுங்கள். இன்னொன்றும் நமக்கு முக்கியம்: பழைய ஆலைகளில் சில, வக்ஃப் நிலத்தை நீண்டகாலக் குத்தகைக்கு எடுத்தவையாக இருக்கலாம். வக்ஃப் சொத்தின் விற்பனையைச் சட்டம் தடுக்கிறது. ஜமாஅத்திலும் வக்ஃப் வாரியத்திலும் சர்வே எண்ணைச் சொல்லி விசாரிப்பது நம் கடமையும்கூட.

மலைச்சரிவில் வேறு கணக்கு

குரங்கணி, போடிமெட்டுப் பக்கம் "வியூ பிளாட்" என்று சொன்னால் கூடுதல் கவனம் வேண்டும். மலைப் பகுதி பாதுகாப்பு ஆணையத்தின் பட்டியலில் உள்ள கிராமங்களில் அதன் ஒப்புதலும் தேவை. போடிமெட்டைத் தாண்டினால் கேரளம். அங்கு தோட்டம் என்பதற்காகவே நில உச்சவரம்பிலிருந்து விலக்குப் பெற்ற நிலத்தைத் துண்டாக்கி வீடு கட்டினால், விலக்கே பறிபோகலாம்.

ஊருக்கு என்ன மிஞ்சும்?

மும்பையில் 1991-ல் வந்த விதி, ஆலை நிலத்தில் மூன்றில் ஒரு பங்கு திறந்தவெளிக்கு, ஒரு பங்கு பொது வீட்டுவசதிக்கு, ஒரு பங்கு உரிமையாளருக்கு என்றது. 2001 திருத்தம் அந்தப் பங்கீட்டைக் காலி நிலத்துக்கு மட்டும் என்று சுருக்கியது. 2006-ல் உச்ச நீதிமன்றமும் அதை ஏற்றது. பூங்காவும் ஏழைகளின் வீடும் சுருங்கின. மாடிக் கோபுரங்கள் எழுந்தன. சென்னை பெரம்பூரில் 1996-ல் மூடிய பின்னி ஆலை நிலத்திலும் இன்று அடுக்குமாடிகள்தான். விதியில் ஒரு வரி மாறினால் ஒரு நகரமே மாறிவிடுகிறது.

கேட்டு வாங்க வேண்டியவை:

1. நிலப் பயன்பாடு மாற்ற ஆணையின் எண்ணும் நகலும்
2. டிடிசிபி ஒப்புதல் எண், அங்கீகரிக்கப்பட்ட வரைபடம்
3. சாலை, பூங்காவுக்கான தானப்பத்திர நகல்
4. ரெரா பதிவு எண்
5. மூலப்பத்திரம், பட்டா, புல வரைபடம், வில்லங்கச் சான்று
6. ஆலை மூடியதற்கும் கடன் தீர்ந்ததற்கும் ஆவணம்

இவற்றைக் கேட்டால் சங்கடப்படுகிற விற்பனையாளரிடம் அட்வான்ஸ் கொடுக்காமல் எழுந்து வந்துவிடுவதே நல்லது. வேறு மனை கிடைக்கும். பத்து வருடச் சம்பளம் மறுபடி கிடைக்காது.