வட்டவளைக்கு வந்த நத்தை



மலைநாட்டு வரலாறு என்றவுடன் கோப்பியும் தேயிலையும், அவற்றை வளர்க்கக் கடல் கடந்து வந்த நம் முன்னோரின் உழைப்புமே நம் நினைவில் எழுகின்றன. அவ்வாறே கடல் கடந்து வந்து இம்மலைச் சாரல்களிற் குடியேறிய வேறோர் உயிரும் உண்டு. மழை ஓய்ந்த மாலையில் கொத்மலைத் தோட்டங்களின் கான் ஓரங்களிலும், லயங்களை அடுத்த கீரைப் பாத்திகளிலும் ஊர்ந்து செல்லும் பெருநத்தையே அது. அதன் வரலாறு நம் அடுப்பங்கரை வரை நீளுவது.

கிழக்கு ஆபிரிக்காவே இந்நத்தையின் தாயகம். அங்கிருந்து அது மடகாசுக்கருக்கும், பின்னர் மொரீசியசு, ரியூனியன் ஆகிய தீவுகளுக்கும் பரவிற்று. ஆளுநர் ஒருவரின் துணைவியாருக்கு நெஞ்சுநோய் கண்டபோது, நத்தைச் சாறு மருந்தாகும் என்று கருதி அதனை ரியூனியனுக்கு வருவித்தனர் என்றொரு செவிவழிச் செய்தியும் உண்டு. 1847 ஆம் ஆண்டில் பென்சன் என்னும் ஆங்கிலேய ஆய்வாளர் மொரீசியசிலிருந்து சில நத்தைகளைக் கல்கத்தாவுக்குக் கொணர்ந்து, ஒரு தோட்டத்தில் விட்டார். நத்தையினங்களை ஆராய்வதிற் பெருவிருப்புடைய ஒலிவர் கொலெற் என்பார், 1900 ஆம் ஆண்டில் கல்கத்தாவிலிருந்து அவற்றைப் பெற்று, அற்றனுக்கு அணித்தான வட்டவளையில் தம் தோட்டத்தில் விட்டார். பத்தாண்டுகள் கழியுமுன் அவை இலங்கையிற் பெருகியமையை அரசாங்கப் பூச்சியியலாளர் ஏணஸ்ற் கிறீன் எழுதி வைத்தார். அவரோ முன்னர் கொத்மலையைச் சார்ந்த பூண்டுலோயாவில் வாழ்ந்து, தேயிலைச் செடியின் பூச்சிகளை ஆராய்ந்தவர். அறிவு வேட்கையால் ஒருவர் அவிழ்த்து விட்டதை மீண்டும் கட்டி வைக்க எவராலும் இயலவில்லை.

பயிரைத் தின்பது மட்டுமே இதன் குற்றமெனில், அது உழவனின் கவலையோடு முடிந்திருக்கும். ஆனால் நத்தையின் உடலுக்குள் வேறொரு விருந்தாளியும் தங்குவதுண்டு. 1935 ஆம் ஆண்டில் சீனத்தின் கன்ரன் நகரில், சென் என்னும் அறிஞர் எலிகளின் நுரையீரல் நாடிகளில் மெல்லிய புழுவொன்றைக் கண்டார். அஃது எலிக்குரிய புழு என்றே யாவரும் எண்ணினர். 1944 இல் தைவானில் பதினைந்து வயதுச் சிறுவன் ஒருவனின் மூளைத் தண்டுவட நீரில் அதே புழு காணப்பட்டது. அத்தீவுக்குப் பெருநத்தையை உணவுக்கென்றே 1930களின் தொடக்கத்திற் கொணர்ந்திருந்தனர் என்பதும் இங்கு நினைக்கத்தக்கது.

1955 இல் அவுத்திரேலியாவின் பிரிசுபேன் நகரில் மக்கெராசு, சாண்டர்சு என்னும் பெண் அறிஞர் இருவர் இப்புழுவின் வாழ்க்கை வட்டத்தை விளக்கினர். எலியின் எச்சத்தோடு வெளிவரும் குடம்பிகள் நத்தையின் உடலுட் புகுந்து சில வாரங்கள் வளர்கின்றன. அந்நத்தையை எலி தின்னும்போது, குடம்பிகள் எலியின் மூளை வழியாக நுரையீரலை அடைந்து முதிர்கின்றன. மனிதன் அக்குடம்பிகளை விழுங்கினாலோ, அவை மூளையை அடைந்து, பெரும்பாலும் அங்கேயே மடிகின்றன. அதனால் மூளையுறை அழற்சியுறுகின்றது. கடுந்தலைவலியும், கழுத்து விறைப்பும், வாந்தியும், தோலில் ஊசி குத்துவது போன்ற உணர்வும் தோன்றும். பலர் தாமாகவே குணமடைவர். சிலருக்கு அது தீரா ஊனத்தையும், மரணத்தையுங்கூட விளைவிக்கும்.

“நாம் நத்தை உண்பதில்லையே, நமக்கென்ன?” என்று நேயர்கள் வினவலாம். வினா நியாயமானதே. ஆயினும் நத்தையைத் தின்னும் உடும்பு, அதன் குடம்பிகளைத் தன் தசையில் தாங்கி நிற்கக் கூடும். உடும்பிறைச்சி உண்டபின் இந்நோய் கண்ட ஒருவரைப் பற்றி இலங்கை மருத்துவ சஞ்சிகை 2005 இல் எழுதிற்று. புழு மருந்து கொடுத்தமையால் அவருடைய நோய் மேலும் கடுமையாயிற்று என்பதும் அக்கட்டுரை தரும் எச்சரிக்கை. மூளையிற் புழுக்கள் ஒருங்கே மடியும்போது அழற்சி மிகக்கூடும்.

இனி, நம் உணவைப் பார்ப்போம். வல்லாரையைப் பச்சையாக அரிந்து சம்பலிட்டு உண்பது இந்நாட்டு வழக்கம். ஈரநிலத்திற் படரும் வல்லாரையே நத்தைக்கும் ஓடில்லா நத்தைக்கும் உகந்த இருப்பிடம். கடுகளவு நத்தைக் குஞ்சு இலையின் அடியில் ஒட்டியிருப்பின் அரிபவர் கண்ணுக்குத் தப்பிவிடும். ஆகவே, கீரையை இலை இலையாகப் பிரித்து, ஓடும் நீரிற் கழுவுதல் வேண்டும். ஐயமிருப்பின் வேகவைத்தே உண்ணல் வேண்டும். நன்கு கொதித்த உணவிற் குடம்பி பிழைப்பதில்லை. நத்தையை வெறுங்கையாற் பொறுக்குவதும், சிறுவர் அதனை விளையாட்டுப் பொருளாக்குவதும் தகாது; தொட்ட கையைச் சவர்க்காரமிட்டுக் கழுவுக. லயங்களைச் சூழ எலி பெருகாதவாறு குப்பையை அகற்றுதலும் இக்காவலின் ஒரு பகுதியே.

நத்தையோ உடும்போ உண்ட சில நாட்களில், அன்றிச் சில வாரங்களில், கடுந்தலைவலி கண்டால் தாமாகப் புழுக்குளிகை விழுங்காது வைத்தியசாலைக்குச் செல்லுங்கள். உண்டது இன்னதென்று மருத்துவரிடம் நாணாது கூறுங்கள். அவ்வொரு சொல்லே நோயை இனங்காண உதவலாம்.

வட்டவளையில் அன்று அவிழ்த்து விடப்பட்ட நத்தையை நாம் இனித் திருப்பி அனுப்புதல் இயலாது. அதனோடு ஒரே மண்ணில் வாழ நேர்ந்த நாம், அதனை நம் உண்கலத்துக்கு அப்பால் நிறுத்தி வைத்தல் இயலும்.