தனிக் கராஜின் துணை மின்பலகை: நான்காம் கம்பியின் வரலாறு

அமெரிக்காவில் வீட்டை ஒட்டாமல் தனியே நிற்கும் கராஜின் துணை மின்பலகைக்கு, வீட்டின் முதன்மைப் பலகையிலிருந்து மின்சாரம் செல்கிறது. இதற்கான விதிகள் 1897-இல் முதன்முதலாக வெளியான தேசிய மின் விதித்தொகுப்பில் அடங்கும்.

நெடுங்காலம் மூன்று கம்பிகளே போதும் எனக் கொள்ளப்பட்டது: மின்னழுத்தமுள்ள கம்பிகள் இரண்டு, நியூட்ரல் ஒன்று. கராஜில் நியூட்ரலையே எர்த்துடன் இணைத்து, மண்ணில் ஓர் எர்த் தண்டு அடிக்கப்பட்டது. ஒரு கம்பியின் செலவு மிச்சம்.

ஆனால் வழியில் நியூட்ரல் அறுந்தால், கராஜ் பலகையின் இரும்புப் பெட்டியிலும் அங்குள்ள கருவிகளின் உலோக உடலிலும் 120 வோல்ட் வரை ஏறிவிடும். எர்த் தண்டு காப்பாற்றும் என்பது பரவலான தவறான நம்பிக்கை. தண்டின் தடை 25 ஓம் என்றால், மண் வழியே திரும்பும் மின்னோட்டம் 4.8 ஆம்பியரைத் தாண்டாது. 20 ஆம்பியர் பிரேக்கர் அதற்கு அசையாது.

2005 பதிப்பு வரை இம்முறைக்கு நிபந்தனையுடன் அனுமதி இருந்தது. இரு கட்டடங்களையும் இணைக்கும் உலோகப் பாதை எதுவும் இருக்கக் கூடாது என்பது அவற்றுள் முக்கியமானது. பின்னாளில் யாரோ ஓர் உலோகத் தண்ணீர்க் குழாய் பதித்தால் அந்த நிபந்தனை சத்தமின்றி முறியும். நியூட்ரல் மின்னோட்டத்தின் ஒரு பங்கு குழாயில் ஓடும்.

2008 பதிப்பு புதிய இணைப்புகளுக்கு இந்த அனுமதியை நீக்கியது. நான்காவதாகத் தனி எர்த் கம்பி கட்டாயமானது. கராஜ் பலகையில் நியூட்ரலும் எர்த்தும் பிரிந்தே இருக்க வேண்டும். எர்த் தண்டும் தொடர்ந்து தேவை. நிபந்தனைகளை நிறைவேற்றும் பழைய மூன்று கம்பி இணைப்புகள் மட்டும் விடப்பட்டன.