கோவலன் வழக்கு

சிலப்பதிகாரத்தில் வரும் திருட்டு வழக்கு. பாண்டிமாதேவியின் சிலம்பைத் திருடியதாகப் பழி சுமத்தப்பட்ட பூம்புகார் வணிகன் கோவலன், மதுரையில் விசாரணையின்றிக் கொல்லப்பட்டான். குற்றவியல் நடைமுறை எதற்காக இருக்கிறது என்று சட்ட மாணவருக்கு விளக்க, இதைவிடத் தெளிவான கதை தமிழில் இல்லை.

கோவலன் பிறந்த புகாரில் ஐவகை மன்றங்கள் இருந்ததாகக் காப்பியம் கூறுகிறது. வெள்ளிடை மன்றத்தில் பொதியைத் திருட வந்தவன் அந்தச் சுமையோடு வெளியேற வழியின்றிச் சுற்றுவான். பூதச் சதுக்கத்துப் பூதம் பொய்ச்சாட்சி சொல்வோரை விழுங்கும். அப்படிச் சிக்கிய ஒருவனுக்காகத் தன் உயிரைத் தரக் கோவலன் முன்வந்ததையும், பூதம் மறுத்ததையும் அடைக்கலக் காதையில் காண்கிறோம். அவன் இரங்கியது ஒரு பொய்யனுக்கு. அவனைக் கொன்றதும் ஒரு பொய்யே.

மதுரையில் குற்றம் சாட்டிய பொற்கொல்லனே சிலம்பைத் திருடியவன். அரசியின் ஊடலைத் தணிக்க விரைந்துகொண்டிருந்த பாண்டிய மன்னன் நெடுஞ்செழியன், அவன் சொல்லை மட்டும் கேட்டு, சிலம்பு கையில் இருந்தால் ஆளைக் கொன்று அதைக் கொண்டுவருமாறு காவலரை ஏவினான். இவன் கள்வனாகத் தெரியவில்லையே என்று காவலர் தயங்கினர். பொற்கொல்லன் களவு நூலை விரித்துப் பேசி அந்த ஐயத்தைக் கலைத்தான். கோவலனிடம் எவரும் விளக்கம் கேட்கவில்லை. கள்வெறியில் இருந்த ஒருவன் வாளை வீசினான். விசாரணை அதன்பிறகே, கோவலனின் மனைவி கண்ணகி அரசவைக்கு வந்தபோது நடந்தது. அரசியின் சிலம்பில் முத்துப் பரல், கோவலன் கையில் இருந்த கண்ணகியின் சிலம்பில் மாணிக்கப் பரல். அதை உடைத்துப் பார்க்க ஒரு நொடி போதுமாயிருந்தது.

திருட்டுப்போன பொருளை விரைவிலேயே ஒருவர் கையில் கண்டால், அவரைத் திருடர் என்றோ திருட்டுப் பொருளென அறிந்தே வாங்கியவர் என்றோ நீதிமன்றம் அனுமானிக்க இன்றைய இந்தியச் சாட்சியச் சட்டமும் இடம் தருகிறது. ஆனால் அவர் விளக்கம் சொல்லலாம். அது ஏற்கத்தக்கதானால் அனுமானம் நிற்காது. கைதின் காரணத்தைச் சொல்லவும், வழக்கறிஞரை நாட விடவும், பயண நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நடுவர்முன் நிறுத்தவும் அரசமைப்பின் 22ஆம் பிரிவு கட்டளையிடுகிறது. திருட்டுக்கு மரண தண்டனை இல்லை. கொலை வழக்கில் அமர்வு நீதிமன்றம் அத்தண்டனை விதித்தாலும், உயர் நீதிமன்றம் உறுதிசெய்யாமல் நிறைவேற்ற முடியாது.

அமெரிக்காவில் 1791இல் நடைமுறைக்கு வந்த ஆறாவது அரசமைப்புத் திருத்தம், தனக்கு எதிரான சாட்சியை நேருக்கு நேர் எதிர்கொள்ளும் உரிமையைக் குற்றம் சாட்டப்பட்டவருக்குத் தந்தது. கடுங்குற்ற வழக்குகளில் ஏழைக்கு மாநிலமே வழக்கறிஞரை அமர்த்தவேண்டும் என்று 1963இல் கிடியன் வழக்கில் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. கோவலன் தரப்பில் ஒரு வழக்கறிஞர் இருந்திருந்தால், குறுக்கு விசாரணைக்கு முதலில் கூண்டேற வேண்டியவன் பொற்கொல்லன்தான்.